விழுந்த பிறகு நடப்பது: முண்ணாண் காயமும் நிர்ப்பீடனமும்

மலையகத்தில் முள்ளந்தண்டு முறிந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்களின் கதைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதில்லை. நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறியவர், கித்துள் மரத்திலிருந்து தவறியவர், மழையில் ஊறிய மலையில் கொழுந்து மூட்டையோடு கானுக்குள் சரிந்தவர், வளைவில் புரண்ட பஸ்ஸில் இருந்தவர், மண்சரிவில் சுவருக்கு அடியில் அகப்பட்டவர் என்று அவர்களைச் சொல்லிவிடலாம். வீட்டார் நடந்ததைச் சொல்லும்போது, விழுந்த அந்தக் கணத்திலேயே நரம்பு அறுந்து எல்லாம் முடிந்துவிட்டதாகவே சொல்வார்கள். உண்மையில், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் முற்றாக அறுபடுவது குறைவு. பெரும்பாலான காயங்களில் அது நசுங்குகிறது, அல்லது இடம்பெயர்ந்த எலும்புத் துண்டால் அழுத்தப்படுகிறது. ஓரத்தில் ஒரு பகுதி இழைகள் தப்பியும் இருக்கின்றன. தப்பியவற்றில் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு பின்னர் அழியும் என்பது அடுத்து வரும் மணித்தியாலங்களிலும் நாட்களிலும் வாரங்களிலுமே முடிவாகிறது. அந்த முடிவில் காயப்பட்டவரின் சொந்த நிர்ப்பீடனத் தொகுதிக்கு, அதாவது நோயெதிர்ப்பு அமைப்புக்கு, பெரும் பங்குண்டு.

மருத்துவர்கள் இதனால்தான் முதற் காயம், இரண்டாம் காயம் என்று பிரித்துப் பேசுகிறார்கள். முதற் காயம் விழுந்த வேகத்தின் விளைவு. அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாம் காயம் குருதியோட்டம் குறைவதாலும், இறந்த கலங்கள் கசியவிடும் இரசாயனங்களாலும், காயத்துக்கு நிர்ப்பீடனத் தொகுதி காட்டும் எதிர்வினையான அழற்சியாலும் படிப்படியாகப் பரவுவது. இந்த அழற்சியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே வேளையில் உடலின் மற்றப் பகுதிகளில் நிர்ப்பீடனம் வலுவிழந்துபோகும் என்பதைப் பற்றி நமது விடுதிகளிலும் வீடுகளிலும் பேசுவோர் மிகக் குறைவு. முண்ணாணுக்குள் அது அளவுக்கு மீறி இயங்குகிறது, நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் தோலிலும் அது தூங்கிப்போகிறது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு நோயாளிக்கு இரண்டாவதே பெரிய விடயம் என்பது என் கணிப்பு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், பலரும் கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: எலும்பு பொருந்திவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் கால் அசையவில்லை? கவ்வாத்துக் கத்தி விரலில் ஆழமாகப் பட்டு நரம்பு வெட்டுப்பட்டவர்கள் பலருக்கு, நரம்பைத் தைத்த பின் சில மாதங்களில் உணர்ச்சி மெல்லத் திரும்பி வருவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே வெட்டுக்கு அப்பாலுள்ள நரம்பிழை சிதையத் தொடங்கியவுடன், இழையைச் சுற்றியுள்ள உறைக் கலங்களும், சிதைவுகளை விழுங்கும் வேலைக்காகக் குருதியிலிருந்து வரும் பெருந்தின்குழியங்களும் சேர்ந்து, நரம்பிழையின் கொழுப்பு உறையான மயலினின் பழைய சிதைவுகளை ஓரிரு வாரங்களில் பெருமளவு அகற்றிவிடுகின்றன. சுத்தமான அந்தப் பாதையில் புதிய இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் வளர்கிறது. முண்ணாணில் இதே வேலை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. சிதைந்த மயலினில் நரம்பிழையின் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன; அவை அகலாத வரை வளர முயலும் இழையும் நின்றுவிடுகிறது. ஆகவே நிர்ப்பீடனக் கலங்கள் வருவது மட்டும் குறையல்ல, வந்த கலங்கள் வேலையை முடிக்காமல் அங்கேயே தங்கிவிடுவதும் குறைதான்.

காயத்தின் உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூளையிலும் முண்ணாணிலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் நிர்ப்பீடனக் கலங்கள் மைக்ரோகிளியாக்கள். ஸ்பானிய ஆய்வாளர் பியோ தெல் ரியோ ஒர்ட்டேகா 1919 இல் அவற்றைத் தனி வகையாக இனங்கண்டார். அமைதியான நேரத்திலும் அவை தம் மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். நசுங்கிய கலங்களிலிருந்து, கலத்துக்குள் மட்டுமே இருக்க வேண்டிய ஏ.டி.பி. போன்ற மூலக்கூறுகள் வெளியே சிந்தியதும், நிமிடங்களுக்குள் அந்தக் கிளைகள் காயத்தை நோக்கித் திரும்புகின்றன. சில மணித்தியாலங்களுக்குள் இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப். முதலிய, அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களான சைற்றோகைன்கள் பெருகி, குருதிக் குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. காவலாக இருந்த குருதி-முண்ணாண் தடையும் கசியத் தொடங்குகிறது. அந்தக் கசிவின் வழியே முதலில் நுழைபவை நடுநிலைநாடிகள் எனப்படும் வெண்குழியங்கள். அடிபட்டவரைத் துணியில் கிடத்தி மலையிலிருந்து இறக்கி, லொறியிலோ முச்சக்கரவண்டியிலோ தோட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலை, பின் கண்டி தேசிய வைத்தியசாலை என்று மாற்றி முடிப்பதற்குள் இந்த நுழைவு ஆரம்பித்திருக்கும். (1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை தொடங்கிய பிறகு இந்தப் பயணம் பலருக்குச் சுருங்கியிருக்கிறது, ஆனாலும் வண்டிப் பாதை வரை கைகால்களைப் பிடித்துத் தூக்கி வரும் பழக்கம் இன்னும் போகவில்லை. கதவுப் பலகையில் அசையாமல் கிடத்தித் தூக்குவது எவ்வளவோ மேல்.)

நடுநிலைநாடிகள் முதல் 3 நாட்களில் மிகுதியாக இருக்கின்றன. பற்றீரியாவைக் கொல்வதற்கென்று அவை வைத்திருக்கும் நொதியங்களும் ஒட்சிசன் மூலிகங்களும், பற்றீரியாவே இல்லாத இந்த இடத்தில் நல்ல இழையத்தின் மீது கொட்டப்படுகின்றன. வாரத்தின் இறுதிக்குள் குருதியிலிருந்து வந்து உருமாறிய பெருந்தின்குழியங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவை சிதைவுகளை விழுங்குகின்றன, புதிய குருதிக் குழாய்கள் முளைக்க உதவும் காரணிகளைச் சுரக்கின்றன; அதே கலங்கள், விழுங்கிய மயலினும் செங்குழியங்களின் இரும்பும் உள்ளே நிரம்பியதும், அழற்சியைத் தூண்டும் நிலையிலேயே உறைந்துபோகின்றன. மண்சரிவுக்குப் பின் இடிபாடுகளை அகற்ற வந்த பெக்கோ இயந்திரம், மண்ணை அள்ளும் வேகத்தில் இடியாமல் நின்ற அடுத்த காம்பராவின் சுவரையும் தள்ளிவிடுவதைப் போன்றது இது. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் மண் அப்படியே கிடக்கும். விட்டுவைத்தால் சுவர் போகும்.

இந்த இக்கட்டே கடந்த 40 ஆண்டு ஆராய்ச்சியின் கதை. அழற்சியை அடக்க வேண்டும் என்ற பக்கம் முதலில் முந்தியது. மெதயில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரீரொயிட் மருந்தை மிக உயர்ந்த அளவில் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 1990 இல் வெளிவந்தது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 30 மில்லிகிராம் ஒரே தடவையிலும், பின்னர் 23 மணித்தியாலங்களுக்கு மணிக்கு 5.4 மில்லிகிராம் வீதமும் கொடுத்தார்கள். காயம்பட்டு 8 மணித்தியாலங்களுக்குள் மருந்து பெற்றவர்களின் தசை இயக்கத்தில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. உலகம் முழுவதும் அது வழக்கமானது. பின்னர் அதே தரவுகளைத் துருவிப் பார்த்தவர்கள், முழுக் குழுவிலும் பயன் தெரியவில்லை என்பதையும், பிரித்தெடுத்த ஒரு பிரிவில் மட்டுமே அது தெரிந்தது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். நிமோனியா, குருதியில் கிருமித்தொற்று, இரைப்பைக் குருதிக்கசிவு ஆகியவை மருந்து பெற்றவர்களிடம் கூடியதும் கவலையை எழுப்பியது. 2013 இல் அமெரிக்க நரம்பியல் அறுவைச் சங்கங்களின் வழிகாட்டி இம்மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. 2017 இல் வெளியான இன்னொரு சர்வதேச வழிகாட்டி, 8 மணித்தியாலங்களுக்குள் வந்தவருக்கு 24 மணித்தியாலம் கொடுப்பதை ஒரு தெரிவாகக் கருதலாம் என்றது. எனவே, ஒரு வைத்தியசாலையில் இந்த ஊசி போடப்படவில்லை என்பதற்காகக் கவனிப்பில் குறை என்று முடிவுகட்டுவது நியாயமன்று. அழுத்தத்தை நீக்கும் அறுவைச் சிகிச்சையை, இயலுமானால் 24 மணித்தியாலங்களுக்குள் செய்வதற்கே இன்று கூடுதல் ஆதரவு உண்டு.

மறுபக்கத்தில், நிர்ப்பீடனத்தை அடக்காமல் ஊக்க வேண்டும் என்று வாதிட்டவர் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகத்தைச் சேர்ந்த மிகால் ஷ்வார்ட்ஸ். எலியின் பெருந்தின்குழியங்களை வெளியே எடுத்து, வெளிநரம்பின் துண்டோடு வைத்துத் தூண்டி, வெட்டுப்பட்ட முண்ணாணுக்குள் திரும்பச் செலுத்தியபோது பின்னங்கால்களில் ஓரளவு இயக்கம் வந்ததாக அவருடைய குழு 1998 இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே வேறொரு அமெரிக்கக் குழு, குருதியிலிருந்து வரும் பெருந்தின்குழியங்களை மருந்தால் ஒழித்தபோது எலிகள் நன்றாகத் தேறியதாக எழுதியது. ஒரே கலத்தைப் பற்றி நேர் எதிரான இரண்டு முடிவுகள். ஷ்வார்ட்ஸின் முறை மனிதரில் பரிசோதிக்கப்பட்டு, 2012 இல் வெளியான முடிவில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே பயனளிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அடக்கியும் பார்த்தாயிற்று, ஊக்கியும் பார்த்தாயிற்று. முழுத் தொகுதியையும் ஒரே பொத்தானில் கூட்டவோ குறைக்கவோ நினைத்ததே இரண்டிலும் இருந்த பிழை என்று இன்று படுகிறது.

எந்தக் கலம், எந்த நாளில் என்ற கேள்விக்கு நல்ல விடைகள் பிறகுதான் வரத் தொடங்கின. எலிகளில் மைக்ரோகிளியாக்களை முன்கூட்டியே ஒழித்துவிட்டு முண்ணாணைக் காயப்படுத்தினால் தேறுதல் மோசமாகிறது என்று 2019 இல் காட்டப்பட்டது. உள்ளிருந்த காவலர்கள் காயத்தைச் சுற்றி வளைத்து, வெளியிலிருந்து வந்த கலங்கள் பரவாமல் தடுக்கிறார்கள் என்பது அதன் பொருள். 2020 இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது: பிறந்து ஓரிரு நாளேயான சுண்டெலிக் குட்டிகளின் முண்ணாண் காயம் தழும்பே இல்லாமல் ஆறுகிறது, அந்த ஆறுதலை ஒழுங்குபடுத்துபவை மைக்ரோகிளியாக்களே. வரிக்குதிரை மீனில் அழற்சி முதல் நாளில் பீறிட்டு எழுந்து, பெருந்தின்குழியங்களால் சீக்கிரமே தணிக்கப்பட, அறுந்த முண்ணாண் மீண்டும் இணைகிறது. தணிக்காவிட்டால் இணைவதில்லை. வளர்ந்த பாலூட்டியிடம் இல்லாமற்போனது இந்தத் தணிப்புத்தான்.

தழும்பைப் பற்றிய கருத்தும் இதனோடு மாறியது. காயத்தைச் சுற்றி அஸ்ட்ரோசைற்றுகள் என்ற துணைக் கலங்கள் பின்னும் வேலி, நரம்பிழைகளை மறிக்கும் மதில் என்றே பல தசாப்தங்களாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2016 இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு சுண்டெலிகளில் அந்த வேலி உருவாகாமல் தடுத்துப் பார்த்தது. இழைகள் வளரவில்லை, நிலைமை சீரழிந்தது. வேலி அழற்சியை உள்ளே அடைத்து, வெளியேயுள்ள நல்ல இழையத்தைக் காக்கிறது. தழும்பைக் கரைக்கும் மருந்து என்றோ, தண்டுக் கலங்களை ஏற்றி நடக்கவைப்போம் என்றோ காசு கேட்கும் இடங்களைப் பற்றி விசாரிக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நகையை அடகு வைத்துப் போகும் அளவுக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இவற்றில் இன்னும் இல்லை.

இனி இரண்டாவது பாதி: உடலின் மற்றப் பகுதிகளில் நிர்ப்பீடனம் வலுவிழப்பது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் எலும்பு மச்சையும் தாமாக இயங்குவன அல்ல. நம் விருப்பமின்றியே உள்ளுறுப்புகளை இயக்கும் பரிவு நரம்புகள் வழியாக மூளை அவற்றைக் கட்டுப்படுத்துகிறது, அந்தக் கட்டளைகள் இறங்கி வரும் பாதை முண்ணாண். முண்ணாணின் மார்புப் பகுதியில் 6 ஆம் துண்டத்திலோ அதற்கு மேலோ காயம் ஏற்பட்டால் மண்ணீரலுக்குப் போகும் பரிவு நரம்புகள் மூளையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகின்றன. விடுபட்டவை அமைதியாகவும் இருப்பதில்லை. காயத்துக்குக் கீழே ஏதேனும் தூண்டல் ஏற்பட்டதும் அவை கட்டுக்கடங்காமல் சுட்டு, மண்ணீரலுக்குள் நோரதிரீனலின் என்ற இரசாயனத்தைக் கொட்டுகின்றன. அதிரீனல் சுரப்பியின் ஹோர்மோன்களும் அதனோடு சேர, நிணநீர்க்குழியங்கள் என்ற வெண்குழியங்கள் மடிகின்றன. சுண்டெலிகளில் இவ்வகைக் காயத்துக்குப் பின் மண்ணீரல் சுருங்கியதையும், புதிய பிறபொருளெதிரிகளை ஆக்கும் திறன் குன்றியதையும் கண்டிருக்கிறார்கள். மனிதரிலும் காயம்பட்ட முதல் நாளிலிருந்தே குருதியில் நிணநீர்க்குழியங்கள் குறைவது அளவிடப்பட்டிருக்கிறது. இருமல் பலமிழப்பதும், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பதும், ஒரே பக்கமாகப் படுத்திருப்பதும் கிருமிக்கு வழி திறக்கின்றன என்பது தெரிந்ததே. திறந்த வழியில் காவலுக்கும் ஆள் குறைவு என்பதே இங்கு புதிதாகச் சேர்வது.

தொற்று உயிருக்கு ஆபத்து என்பதோடு இது நிற்பதில்லை. அமெரிக்கத் தேசியத் தரவுத்தளத்தை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, முதற் கட்டத்தில் நிமோனியாவோ புண் தொற்றோ கண்டவர்களின் தசை இயக்கம் ஓராண்டுக்குப் பின்னும் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தது என்று காட்டியது. பின்தொடர்ந்த ஆய்வில் இந்த வேறுபாடு 5 ஆண்டுகள் வரை நீடித்தது. நுரையீரலில் எரியும் அழற்சியின் சைற்றோகைன்கள் குருதி வழியாக வந்து, ஆறிக்கொண்டிருக்கும் முண்ணாணில் மைக்ரோகிளியாக்களை மறுபடி கிளறிவிடுவதை இதற்கு ஒரு காரணமாகக் கருதுகிறார்கள். பின்னொரு நாள் கால் விரல் அசையுமா என்பதில், முதல் மாதத்தில் நெஞ்சில் சளி கட்டியதா என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. மலையகத்துக்கு இதுவே முக்கியம் என்று நான் சொன்னது இதனால்தான். நரம்பு மீள வளர்க்கும் மருந்து நமக்கு எப்போது எட்டும் என்று தெரியாது. நிமோனியாவையும் படுக்கைப்புண்ணையும் தடுப்பது இன்றைக்கே, லயத்துக்குள்ளேயே செய்யக்கூடியது.

செய்யக்கூடியது என்றாலும் எளிதன்று. ராகமையிலோ திகனையிலோ உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் சில மாதங்கள் பயிற்சி பெற்றுத் திரும்புகிறவர், அங்கே பழகிய சமதளத்தையும் அகன்ற கதவையும் விட்டு, படிகள் ஏறித்தான் போகக்கூடிய 10 அடிக்கு 12 அடி காம்பராவுக்கு வருகிறார். மிலாறு எரியும் அடுப்பின் புகை அங்கேயே சுழல்கிறது. மழைக் காலத்தில் மெத்தையும் ஈரம் பிடிக்கிறது. படுக்கையில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய மனைவியோ தாயோ விடிந்தால் மலைக்குப் போக வேண்டியவர். குளிருக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று காலடியில் சுடுநீர்ப் போத்தலை வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. காலையில் கொப்புளம் கண்ட பிறகே தெரியும், அந்தப் புண் ஆறச் சில மாதங்கள் செல்லும். கம்பளியையும் காலுறையையும் தவிர வேறு சூடு காட்டாமலிருப்பதே பாதுகாப்பு.

தொற்றை இனங்காண்பதும் இவர்களிடம் வேறுவிதமானது. சிறுநீர் எரிகிறது என்று இவர் சொல்லமாட்டார். கால்களில் வழக்கத்தைவிட விறைப்பும் வெட்டி இழுத்தலும் கூடுவது, சிறுநீர் கலங்குவது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது, காரணமில்லாத சோர்வு ஆகியவையே அறிகுறிகள். நீண்டகாலமாகக் குழாய் போட்டிருப்பவரின் சிறுநீரில் பற்றீரியா எப்போதும் இருக்கும் என்பதால், பரிசோதனை அறிக்கையில் கிருமி என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து அன்டிபயோட்டிக் கொடுப்பது சரியல்ல. அப்படிக் கொடுத்துப் பழகினால் உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து வேலை செய்யாது. இன்புளுவன்சாவுக்கும் நியூமோகொக்கசுக்கும் எதிரான தடுப்பூசிகள் இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. கிளினிக்கில் யாரும் தாமாகச் சொல்லாவிட்டால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கடைசியாக ஓர் அவசர நிலை. இதில் மேலே சொன்ன இரண்டு பாதிகளும் சந்திக்கின்றன. மார்பின் 6 ஆம் துண்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவரின் சிறுநீர்க் குழாய் மடங்கிப்போனாலோ, மலம் இறுகினாலோ, நகம் உள்ளே வளர்ந்து குத்தினாலோ, கட்டுப்பாடற்ற அந்தப் பரிவு நரம்புகள் சீறி எழுந்து குருதியழுத்தம் சட்டென ஏறும். தலை பிளக்கும் வலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுகிய உடையைத் தளர்த்தி, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறினால் மூளையில் குருதிக் குழாய் வெடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் இப்படி நேரும்போது மண்ணீரலுக்குள்ளும் நோரதிரீனலின் கொட்டப்படுவதால், அடைத்த குழாயைச் சரிசெய்வது நிர்ப்பீடனத்துக்குச் செய்யும் சிகிச்சையும் ஆகும்.

இதில் தோட்ட வைத்தியசாலையில் இருப்பவரை ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு. உயர்ந்த மட்டத்தில் காயம் உள்ளவர்களின் வழக்கமான மேல் குருதியழுத்தம் 90 முதல் 110 வரையே இருக்கும். அவருக்கு 140 என்று காட்டினால், மற்றவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் என்று விட்டுவிடக்கூடிய எண். அவருக்கோ அவசர நிலை. ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கப்படும் டயக்னோசிஸ் கார்ட்டில், ஆங்கிலத்தில் இருக்கும் நோய்ப் பெயருக்குக் கீழே, காயத்தின் மட்டம், அமைதியாக இருக்கும்போது எடுத்த குருதியழுத்தம், குழாய் கடைசியாக மாற்றிய திகதி ஆகிய மூன்றையும் தமிழில் எழுதித் தரும்படி விடுதித் தாதியிடம் குடும்பத்தார் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கார்ட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டி வைக்கலாம்.